கதையைப் படிச்சது யாருங்க? தமிழ் இதழாசிரியர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கும், பதிப்பாளர்களுக்கும், அவங்க ஆபீஸ்ல உக்காந்து லேஅவுட் பாக்கறவங்களுக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். சிறுகதைக்குப் பக்கத்துல சின்ன எழுத்துல "ஓவியம்" னு போட்டு ஒரு பேர் வரும்ல, கொஞ்ச நாளா அந்த எடத்துல "ஏஐ" னு ரெண்டு எழுத்து வருது, பாதி எடத்துல அதுவும் வரதில்ல, வெறும் படம் மட்டும் நிக்குது. புத்தக அட்டையிலயும் இதே கதைதான். நான் ஏஐ ஒழிகன்னு கோஷம் போட வரல, பழைய புத்தகத்தை ஸ்கேன் பண்ணி எழுத்தா மாத்தறதுக்கு நானே தினமும் அதைத்தான் பயன்படுத்தறேன். எனக்கு உங்ககிட்ட கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அந்தப் படம் வரதுக்கு முன்னாடி கதையைப் படிச்சது யாரு?

ஏன் கேக்கறேன்னா, என் கதை ஒண்ணு போன வருஷம் ஒரு இதழ்ல வந்துச்சு. எந்த இதழ்ங்கறது வேணாம், நல்ல மனுஷங்க, ஒரு வரி வெட்டாம போட்டாங்க. தூத்துக்குடி உப்பளத்துல வேலை பாக்கற, 50 வயசு தாண்டின ஒரு அம்மாவைப் பத்தின கதை. சேலைக்கு மேல ஆம்பளை சட்டை, தலையில துண்டு, உப்புல பட்டுத் திரும்பி அடிக்கற வெளிச்சத்துல வருஷக்கணக்கா கண்ணு கூசிக் கூசி, இப்ப வீட்டுக்குள்ள வந்து உக்காந்தாக்கூட முழுசா கண்ணைத் தொறக்க வராது, அதான் கதையே, மகன் கல்யாண ஆல்பத்துல கூட அம்மா கண்ணு சுருங்கித்தான் இருக்கும், சம்பந்தி வீட்டுக்காரங்க அதைப் பாத்துட்டு சிடுமூஞ்சின்னு முடிவு பண்ணிடுவாங்க. கதைக்கு மேல அரைப் பக்கத்துக்கு வந்த படத்துல இருந்தது ஒரு 25 வயசுப் பொண்ணு. பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, இடுப்புல பிரம்புக்கூடை, கூடைக்குள்ள பஞ்சு மாதிரி எதோ வெள்ளையா, பின்னாடி சூரியன் மறையுது, கண்ணு ரெண்டையும் அகல விரிச்சு நம்மளையே பாக்குது.

படம் அசிங்கமா இருந்துச்சுன்னா கூட மனசு ஆறியிருக்கும். பளிச்சுன்னு அழகா இருந்துச்சு. நாலஞ்சு பேர் படம் சூப்பர்னு எனக்கே மெசேஜ் போட்டாங்க, கதையைப் பத்தி ஒருத்தர்தான் போட்டாரு.

கையில ஆறு விரல் இருக்கு, முந்தானை தோள் மாறிக் கெடக்கு, பின்னாடி கடை போர்டுல இருக்கறது எந்த ஊர் எழுத்துன்னே தெரியலன்னு சிரிச்ச காலமெல்லாம் போய்ட்டே இருக்கு, அதெல்லாம் சரியாயிடும், சரியாகறதை நம்பி வாதம் பண்றவன் அடுத்த வருஷம் வாயடைச்சு நிப்பான். அதனால தப்புகளைப் பட்டியல் போடப் போறதில்ல. அந்த 25 வயசுப் பொண்ணு எங்கேர்ந்து வந்தான்னு மட்டும் பாப்போம். இந்த மாதிரி படம் போடற மென்பொருள்கள் இணையத்துல கெடக்கற படங்களையும் அதுக்குக் கீழ எழுதியிருக்கற வாசகத்தையும் ஜோடி ஜோடியா பாத்துப் பழகினதுங்க. லயான்-5பி ங்கற ஒரு தொகுப்புல மட்டும் 585 கோடி ஜோடி, அதுல இங்கிலீஷ் வாசகத்தோட இருக்கறது மட்டும் சுமார் 230 கோடி. 2022ல வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் அந்தத் தொகுப்போட பகுதிகள்லதான் பழகுச்சு. தமிழ்ப் பொம்பளைன்னு இங்கிலீஷ்ல எழுதி இணையத்துல எந்தப் படத்தைப் போடுவாங்க? நகைக்கடை, சேலைக்கடை, டூரிஸ்ட் கேமரா. உப்பளத்துல சட்டை போட்டுக்கிட்டு நிக்கற அம்மாவை யார் படம் எடுத்து, யார் அதுக்கு ஒழுங்கா வாசகம் எழுதி ஏத்தியிருப்பாங்க? புள்ளிப் புள்ளியா ஒண்ணுமில்லாத இரைச்சல்லேர்ந்து ஆரம்பிச்சு, நாம குடுத்த வார்த்தைக்கு எது பொருந்தி வரும்னு படிப்படியா தெளிஞ்சுக்கிட்டே வரதுதான் அந்த மெஷினோட வேலை. நாம சொல்லாம விட்ட எடத்தையெல்லாம் அது அதிகமா பாத்ததை வெச்சு நிரப்பிடும். வயசு சொல்லலியா, இந்தா 25. சேலைன்னு மட்டும் சொன்னியா, இந்தா பட்டு.

அப்ப பிராம்ப்ட், அதாவது என்ன படம் வேணும்னு மெஷினுக்குச் சொல்ற வாசகம், அதை எழுதினவர் "சால்ட் பேன், தமிழ் உமன்" னு மட்டும் அடிச்சிருக்காரு. தலைப்பையும் முதல் பாராவையும் தாண்டி அவர் போகல, போகறதுக்கு நேரமும் இருந்திருக்காது, பாவம், அன்னைக்கு அவர் கையில இன்னும் எத்தனை பக்கம் இருந்துச்சோ.

இப்ப இதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்றேன். அதுக்கு ரொம்ப முன்னாடி ஒரு தையக்காரரைப் பத்தி கதை எழுதியிருந்தேன். அனுப்பி ஒரு வாரம் கழிச்சு தெரியாத நம்பர்லேர்ந்து போன், ஓவியர் பேசறார். "சார், உங்க டெய்லர் லெஃப்ட் ஹேண்டரா?" எனக்கு ஒண்ணும் புரியல. "வலது கையில டீ கிளாஸை வெச்சுக்கிட்டே துணி வெட்டினார்னு எழுதியிருக்கீங்க, அப்ப கத்தரி இடது கையிலதான இருக்கணும்? டெய்லர் கத்தரி வலது கைக்காரனுக்குப் பண்ணது சார், இடது கையில பிடிச்சா கட்டைவிரல்ல வெட்டும், அதனால வளையத்துல துணி சுத்தி வெச்சிருப்பாரு, அப்படி வரையட்டா?" வரைஞ்சாரு. கறுப்பு மசியில ஒரு கை, ஒரு பெரிய கத்தரி, வளையத்துல கிழிஞ்ச லைனிங் துணி சுத்தியிருக்கு, கிளாஸ்ல பாதி டீ. தையக்காரரோட முகமே இல்ல. 40 வருஷமா தனக்குப் பொருந்தாத கருவியோட வேலை பாத்த ஆளுங்கறது என் கதையில எங்கயும் இல்லாத விஷயம், ஆனா கதை முழுக்க அந்த ஆள் அப்படித்தான் வாழ்ந்துக்கிட்டிருப்பாரு. தொகுப்பு போடும்போது அந்தத் துணியைக் கதைக்குள்ள எழுதிச் சேத்தேன்.

நான் எழுதாம விட்ட எடத்துக்கு வந்ததும் அந்த ஓவியர் நின்னாரு, நின்னு கேள்வி கேட்டாரு. மெஷின் அதே எடத்துல நிக்கறதில்ல, கைக்குக் கிடைச்சதை ஊத்தி மூடிட்டுப் போயிடுது. படைப்பு, கற்பனைன்னு பெரிய வார்த்தையெல்லாம் சொல்றோமே, எனக்குத் தெரிஞ்சு அது ஆரம்பிக்கறது அந்த நிக்கற எடத்துலதான். நிக்கறதுக்கு முதல்ல படிச்சிருக்கணும்.

இது புதுச் சண்டையும் கிடையாது. 1843லயே ஏடா லவ்லேஸ்ங்கற இங்கிலாந்துக் கணித அறிஞர், பாபேஜோட கணக்கு மெஷினைப் பத்தி எழுதும்போது, இது தானா எதையும் உருவாக்காது, எப்படிச் செய்யணும்னு நமக்குத் தெரிஞ்சதை நாம ஏவினா செய்யும், அவ்வளவுதான்னு சொல்லிட்டாங்க. 1950ல கம்ப்யூட்டர் விஞ்ஞானி ஆலன் ட்யூரிங் அதுக்குப் பதில் சொன்னாரு, மெஷினுங்க என்னை அடிக்கடி ஆச்சரியப்படுத்துதுன்னு. மார்கரெட் போடன்ங்கற ஆராய்ச்சியாளர் வாழ்நாள் பூரா இதையேதான் ஆராஞ்சாங்க, புதுசா இருக்கணும், எதிர்பாராததா இருக்கணும், மதிப்புள்ளதா இருக்கணும், அதான் படைப்புத்திறன்னு சொன்னாங்க. ட்யூரிங் சொன்ன ஆச்சரியம் எனக்கும் வந்துச்சு சார், பட்டுச்சேலையைப் பாத்து வராம இருக்குமா. ஆனா கத்தரியில சுத்தின துணியைப் பாத்து வந்த ஆச்சரியம் வேற ஜாதி, அது என் கதைக்குள்ளேர்ந்தே கிளம்பி எனக்கே வந்த ஆச்சரியம். போடன் சொல்ற மூணாவது விஷயம் இருக்கே, மதிப்பு, அதை எதை வெச்சு முடிவு பண்றது? கதைக்குப் போட்ட படத்தை அந்தக் கதையை வெச்சுத்தான் முடிவு பண்ண முடியும். படம் தனியா எவ்ளோ ஜொலிச்சாலும் சரி.

உங்களுக்கு நான் பாடம் எடுக்கற மாதிரி இருந்தா மன்னிச்சுக்கோங்க, ஏன்னா இதை எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான், அதாவது உங்க நாற்காலியில முன்னாடி உக்காந்திருந்தவங்க. ஓவியர் சில்பி கோயில் கோயிலா போய், சிலைக்கு எதிர்ல உக்காந்து வரைஞ்சதை விகடன் வருஷக்கணக்கா போட்டுச்சு. கேமரா இல்லாத காலமா அது? ஒரு போட்டோகிராபரை அனுப்பினா மத்தியானத்துக்குள்ள பத்து சிலையை எடுத்துட்டு வந்திருப்பாரு, செலவும் கம்மி. ஆனாலும் ஒரு ஆசிரியர் யோசிச்சு, இல்ல, இவர் போய் உக்காரட்டும்னு முடிவு பண்ணியிருக்காரு. மூக்கு உடைஞ்ச சிலை, எண்ணெய் ஏறிக் கறுத்துப்போன சிலை, அரை இருட்டுல நிக்கற சிலை, அதுல எந்தக் கோடு சிற்பியோடது எது காலத்தோடதுன்னு கண்ணாலயே பிரிச்சு எடுத்துத் தாள்ல வெக்கணும். கேமரா ரெண்டையும் சேத்துத்தான் எடுக்கும். சில்பி பிரிச்சாரு. மெஷினா கையாங்கற கேள்விக்கு உங்க முன்னோர் அப்பவே பதில் சொல்லிட்டாங்க, அதுவும் மெஷின் மேல எந்தக் கோவமும் இல்லாம, அதே பத்திரிகையில போட்டோவும் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு.

கோபுலு தஞ்சாவூர்ல பொறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில படிச்சவரு. கொத்தமங்கலம் சுப்புவோட தில்லானா மோகனாம்பாளுக்கு அவர் போட்ட நாயனக்காரரையும் தவில்காரரையும் பாருங்க, உக்கார்ற தினுசு, தோள்ல துண்டு விழற விதம், எல்லாம் அந்த மண்ணுல கூடவே வளந்தவன் கண்ணு. 1968ல சினிமா வந்தப்புறமும், சிவாஜி நல்லாத்தான் பண்ணாரு ஆனா கோபுலு வரைஞ்ச நாயனக்காரர் சண்முகசுந்தரம் வேறன்னு சொல்ற பெரியவங்க எங்க வீட்லயே இருந்தாங்க. மணியம் கல்கியில பொன்னியின் செல்வனுக்குப் போட்ட வந்தியத்தேவனும் அப்படித்தான், கதையைப் படிக்காதவனுக்குக் கூட அந்த முகம் தெரியும். ஆதிமூலம் கி.ரா.வோட கரிசல் எழுத்துக்குப் போட்ட கோட்டோவியத்துல அந்த முரட்டுக் கோடே கரிசல் மாதிரிதான் இருக்கும்.

சரி, இந்த எடத்துல நீங்க ரெண்டு கேள்வி கேப்பீங்க.

முதல் கேள்வி, ஓவியனும் அடுத்தவனைப் பாத்துத்தானே கத்துக்கறான், மெஷின் பாத்தா மட்டும் என்ன? நியாயம்தான். கோவில்பட்டியில கொண்டையராஜுவும் அவர் சிஷ்யங்களும் போட்ட காலண்டர் சாமிப் படங்கள்ல எது குரு எது சிஷ்யன்னு பிரிக்கறது சாதாரணமா பாக்கறவனுக்குக் கஷ்டம், அந்தப் பாணி ஒரு பட்டறையோட சொத்தா இருந்துச்சு, யாரும் வழக்குப் போடல. ஆனா அந்த சிஷ்யனுக்கு ஒரு குரு தெரியும், குருவுக்கும் அவனைத் தெரியும், கூட இருந்து சோறு தின்னு திட்டு வாங்கிக் கத்துக்கிட்டவன். இணையத்துல அள்ளினதுல எந்த ஓவியருக்கும் தன் கை அதுக்குள்ள இருக்கான்னே தெரியாது. இதுல சம்மதம், காசுன்னு பெரிய வழக்கெல்லாம் பல நாட்டுல ஓடிட்டிருக்கு, அது முடியறப்ப முடியட்டும், நான் இன்னைக்குக் கேக்கறது அதை இல்ல.

ரெண்டாவது கேள்விதான் எனக்கு உறுத்தற கேள்வி. எல்லா ஓவியரும் கதையைப் படிச்சா வரைஞ்சாங்க? வாரப் பத்திரிகை அவசரத்துல சப்-எடிட்டர் போன்ல "ஒரு பொண்ணு, ஒரு பையன், பஸ் ஸ்டாப்பு, மழை" னு சிச்சுவேஷன் சொல்லுவாரு, சாயங்காலம் படம் வந்துடும். நடந்ததுதான். ஒரே மூக்கு ஒரே கண்ணோட எல்லாக் கதைக்கும் ஒரே நாயகியைப் போட்ட கையெல்லாம் நமக்குத் தெரியும், பேர் வேணாம். நான் சொல்ல வரதே இதுதான். போன்ல சொன்ன அந்த நாலு வார்த்தைக்கும் இன்னைக்கு அடிக்கற பிராம்ப்ட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. படிக்காம படம் போடற பழக்கம் ஏஐ வரதுக்கு முன்னாடியே உங்க ஆபீஸ்ல ஆரம்பிச்சாச்சு, அதை ஏஐ சல்லிசாக்கிக் குடுத்துச்சு, அவ்வளவுதான். அதனால நாளைக்கே எல்லா ஏஐ படத்தையும் தூக்கிட்டு ஓவியர்களைக் கூப்ட்டு மறுபடி போன்ல சிச்சுவேஷன் சொன்னீங்கன்னா எனக்கு அதுல பெரிய சந்தோஷம் ஒண்ணும் இல்ல. அவங்களுக்கு வேலை கிடைக்கும்ங்கற சந்தோஷம் உண்டு, அது சின்ன விஷயம் இல்லதான்.

மெஷினை வெச்சே ஒழுங்கா படைக்க முடியாதான்னா, முடியும். ஹெரால்ட் கோஹன்னு ஒரு ஓவியர், 1970கள் தொடக்கத்துலேர்ந்து 2016ல சாகற வரைக்கும் ஆரான்ங்கற ஒரே புரோகிராமை வெச்சு மாரடிச்சாரு. எத்தனை கோடு, என்ன மாதிரி கோடு இருந்தா மனுஷனுக்கு அது ஒரு படம்னு தோணும்ங்கற கேள்விதான் அவருக்கு. ஒவ்வொரு விதியையும் அவரே எழுதினாரு, மெஷின் கோடு போட்டதுக்கு ஒரு காலத்துல அவரே உக்காந்து கையால கலர் அடிச்சாரு. மெஷின் வரைஞ்சதுதான், ஆனா அதுல எதுக்கு இது இப்படி இருக்குன்னு கேட்டா பதில் சொல்ல ஒரு மனுஷன் இருந்தாரு. உங்க லேஅவுட் ஆர்ட்டிஸ்ட் என் உப்பளக் கதையை முழுசா படிச்சு, எந்த நிமிஷத்தை வரையணும்னு முடிவு பண்ணி, மெஷின் குடுத்ததுல பட்டுச்சேலையைத் தூக்கிப் போட்டு, திரும்பத் திரும்ப மாத்தி, கண்ணைச் சுருக்க வெச்சு ஒரு படத்தை எடுத்தாருன்னு வைங்க, அது அவர் படம், நான் சண்டைக்கு வருவேன் அவர் பேரைப் போடச் சொல்லி. ஏன், சாட்பாட்கிட்ட கதையைக் குடுத்து, படம் போடறதுக்கு முன்னாடி எதெல்லாம் தெளிவா இல்லன்னு கேள்வி கேளுன்னு சொன்னா அது கேக்கவும் செய்யும். கேக்கச் சொல்றதுக்கு ஆள் வேணும்.

இன்னொண்ணு. கதை அனுப்பும்போது எங்ககிட்ட ஒரு உறுதிமொழி வாங்கறீங்க. இது என் சொந்தக் கற்பனை, தழுவலோ மொழிபெயர்ப்போ இல்ல, வேற எந்த இதழுக்கும் அனுப்பலன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பறோம், தலைமுறை தலைமுறையா இந்த வழக்கம் இருக்கு, இப்ப பல எடத்துல ஏஐ எழுதினதும் இல்லன்னு ஒரு வரி சேத்துட்டீங்க. சேத்தது சரிதான், 2023 பிப்ரவரியில கிளார்க்ஸ்வேர்ல்ட்ங்கற அமெரிக்க இதழ் ஏஐ கதைங்க வந்து குவிஞ்சதுல கதை வாங்கறதையே கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சுது, அந்த நிலைமை உங்களுக்கும் வரக்கூடாது. ஆனா அதே பக்கத்துல, அதே கதைக்கு மேல, யாரோட கற்பனைன்னே தெரியாத ஒரு படத்தை நீங்க போடறீங்களே, அதுக்கான உறுதிமொழி எங்க? கற்பனை புனிதம்னா அரைப் பக்கத்துக்கு மட்டும் புனிதமா?

காசு விஷயம் எனக்குத் தெரியாம இல்ல. பேப்பர் விலை என்ன, சந்தா நிலைமை என்ன, ஏஜென்ட்கிட்ட நிக்கற பாக்கி என்னன்னு உங்கள்ல பல பேர் என்கிட்டயே புலம்பியிருக்கீங்க. சிற்றிதழ் நடத்தற நண்பர்கள் சொந்தச் சம்பளத்துலேர்ந்து அச்சுக்கூலி குடுக்கறாங்க, அவங்ககிட்ட போய் ஓவியருக்குச் சன்மானம் குடுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அவங்களுக்கு என் யோசனை ரொம்ப எளிசு, படமே வேணாம். நல்ல எழுத்துருல தலைப்பு, சுத்தி வெள்ளை எடம், போதும். வெள்ளை எடம் வாசகன்கிட்ட பொய் சொல்லாது, என் உப்பளத்து அம்மாவுக்கு வாசகன் மனசுல ஒரு முகம் வந்திருக்கும், அந்தப் பட்டுச்சேலைக்காரி வந்து நின்னுட்டதால அந்த முகம் வரல. பெரிய பத்திரிகைங்க, பெரிய பதிப்பகங்கள், நீங்க இந்தச் சலுகைக்குள்ள ஒளிஞ்சுக்காதீங்க, கண்காட்சி ஸ்டாலுக்குச் செலவு பண்றதுல ஓவியர் சன்மானம் எந்த மூலைக்கு?

பதிப்பாளர்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. ஏஐ அட்டை யாருக்குச் சொந்தம்னு யோசிச்சீங்களா? அமெரிக்காவுல 2023ல ஒரு காமிக்ஸ் விஷயத்துல, எழுத்துக்கும் அடுக்கின விதத்துக்கும் காப்பிரைட் உண்டு, மெஷின் போட்ட தனித்தனிப் படத்துக்குக் கிடையாதுன்னு காப்பிரைட் ஆபீஸ் சொல்லிடுச்சு, 2025 ஜனவரியில வெறும் பிராம்ப்ட் மட்டும் போதாதுன்னும் அறிக்கை விட்டாங்க. நம்ம 1957 சட்டத்துல கம்ப்யூட்டர் உருவாக்கின படைப்புக்கு, அதை உருவாகச் செஞ்ச நபர்தான் ஆசிரியர்னு ஒரு பிரிவு இருக்கு. அந்த நபர் யாரு? பிராம்ப்ட் அடிச்ச டிடிபி பையனா, அடிக்கச் சொன்ன நீங்களா, மென்பொருள் கம்பெனியா? நாளைக்கு உங்க அட்டையை அப்படியே எடுத்து இன்னொருத்தர் வேற புத்தகத்துக்குப் போட்டா எதைக் காட்டிச் சண்டை போடுவீங்க? கையால வரைஞ்ச ஓவியர் இருந்தா ஒரு ஒப்பந்தத் தாளாவது இருக்கும்.

நான் கேக்கறது இவ்வளவுதான். படம் எப்படி வந்தாலும் அதுக்குப் பக்கத்துல ஒரு மனுஷப் பேர் வேணும், மெஷின்ல எடுத்தா மெஷின் பேரோட சேத்து எடுத்தவர் பேரையும் போடுங்க, தன் பேர் வரப்போகுதுன்னு தெரிஞ்சாலே அவர் கதையைக் கடைசி வரி வரைக்கும் படிச்சுடுவாரு. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எழுத்தாளனுக்கு வாட்ஸ்அப்ல ஒரு தடவை அனுப்பி வைங்க, நாங்க ஒண்ணும் வீட்டோ கேக்கல, சேலை பட்டா நூலான்னு சொல்ல ஒரு வாய்ப்பு. முடிஞ்சா ஓவியருக்கும் எழுத்தாளனுக்கும் நம்பரை மாத்திக் குடுங்க, அதுக்குக் காசு ஆகாது.

தீபாவளி மலர் வேலை எப்படியும் சீக்கிரம் ஆரம்பிச்சுடுவீங்க. மலருக்கு இந்தத் தடவை கதை கேட்டு யார் கூப்ட்டாலும், படம் யார் போடறாங்க, அவங்க நம்பர் என்னன்னு கேட்டுட்டுத்தான் அனுப்பறதா இருக்கேன். எழுதற நண்பர்கள் வேற சில பேரும் அப்படித்தான் கேக்கப் போறாங்க, யாரையும் சங்கடப்படுத்த இல்ல, அதனால இப்பவே பதிலை யோசிச்சு வெச்சுக்கோங்க.

அன்போடயும் கொஞ்சம் கோவத்தோடயும்,
உங்க பக்கங்கள்ல அப்பப்ப கதை எழுதற ஒருத்தன்